தெரவு என்றொரு சொல்

விடியற்காலை நாலேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. வாரத்தில் இரண்டு நாள்தான் வரும், அதுவும் முக்கால் மணி நேரம். பாலகாட் பக்கத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய அந்த லைனில் நாற்பத்திரண்டு வீடுகள். எல்லோருக்கும் ஒரே குழாயடி. ஆறாவது குடத்தை இடுப்பில் ஏற்றும்போது ஈவ்லினுக்கு முதுகுக்கு அடியில் ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. நின்று தேய்த்துக்கொள்ள நேரமில்லை. தங்கம் பிரித்த கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அள்ளி வந்த வெள்ளைத் தூள் குடத்தின் விளிம்பில் படிந்தது. அதைப் புறங்கையால் வழித்துவிட்டு, சேற்றில் கால் வழுக்காமல் வீட்டுக்கு நடந்தாள். எட்டாவது குடத்தை இறக்கியதும் சோற்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு உரிகம் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ரயிலில் நின்றபடியே தூங்க அவளுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒயிட்ஃபீல்டில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் சலவை ஆலை. பெங்களூரின் ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை அங்கே துவைக்கிறார்கள். ஈரத்தில் ஒவ்வொரு விரிப்பும் ஈயம் போலக் கனக்கும். இயந்திரத்திலிருந்து அதை உருவி, உதறி, நுனியைப் பிடித்துச் சுடும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். அவளுடைய இரண்டு முன்கைகளிலும் கோடு கோடாகச் சூட்டுத் தழும்புகள்.

நாற்பத்து நான்கு வயதுவரை ஈவ்லின் எந்தச் சங்கத்திலும் சேர்ந்ததில்லை. சர்ச்சில் பெண்கள் குழுவுக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. நாலு பேர் கூடினால் அதில் ஒருவன் விலை பேசிக்கொண்டிருப்பான் என்பது அவளுடைய திடமான எண்ணம். அதற்குக் காரணம் இருந்தது. சுரங்கம் மூடிய வருடம் அவளுடைய அப்பாவிடம் ஓர் ஆங்கிலக் காகிதத்தை நீட்டினார்கள். வருகைப் பதிவு என்று சங்கத்து ஆள் ஒருவர் சொன்னார். அப்பா கையெழுத்துப் போட்டார். தானாகவே விரும்பி வேலையை விட்டுப் போகிறேன் என்று அதில் எழுதியிருந்தது அவருக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஈவ்லின் கூரியர்க்காரனின் சீட்டில்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வே எடுக்க ஆள் வந்தான். ஸ்ரீநிவாஸ் என்று கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. எந்த அலுவலகம் என்பது சட்டை மடிப்புக்குள் மறைந்திருந்தது. கூடவே மனோகர் வந்தான். மனோகர் லைனின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இருபது வருடமாக ஒவ்வொரு தேர்தலுக்கும் வீட்டுக்கு ஹக்குப் பத்திரம் வரப்போகிறது என்று சொல்லிவருபவன். வீடு இவர்களுடைய பெயரில் என்று சொல்லும் அந்தப் பத்திரத்தை லைனில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

"இன்னா சார், ஞாயித்துக்கெழமையில சர்வே?" என்று கேட்டாள் ஈவ்லின்.

மற்ற நாளில் எல்லோரும் பெங்களூருக்குப் போய்விடுகிறார்களே என்றான் ஸ்ரீநிவாஸ். அது சரியான பதில்தான். சரியாக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆதார் எண், வீட்டில் எத்தனை பேர், கரண்டு மீட்டர் யார் பெயரில் என்று கேட்டுக்கொண்டே போனவன், கடைசியில் ஒரு கன்னடக் காகிதத்தை நீட்டி, விரலால் ஓரிடத்தைத் தொட்டான்.

"இங்க ஒரு சைன் போடுங்க மேடம். எல்லாரும் போட்டாச்சு. நீங்கதான் பாக்கி."

"எல்லாரும்னா யாரு யாரு?"

அவன் மனோகரைப் பார்த்தான். மனோகர் வானத்தைப் பார்த்தான்.

ஈவ்லின் பத்தாவது வரை கன்னடப் பள்ளியில் படித்தவள். காகிதத்தை வாங்கி வாசற்படியில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் பெயர், விலாசம். அதன் அடியில், கிளிப்புக்குள் மடித்து வைத்தாற்போல இரண்டாவது பக்கம் ஒன்று இருந்தது. பொடி எழுத்து. 'தாத்காலிக நிவாசி' என்று ஓரிடத்தில் இருந்தது. தற்காலிகமாகக் குடியிருப்பவர் என்று அர்த்தம். இரண்டு வரி தள்ளி, அழைக்கும்போது 'தெரவு' செய்துதர ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். யாருக்காக, எதற்காக என்று அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. சயனைடு மேட்டை மறுபடி கிளறப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. பெரிய தொழிற்சாலை வருகிறது என்றும் பேச்சு இருந்தது. எதுவும் எழுத்தில் இல்லை. எழுத்தில் இருந்ததெல்லாம் அவள் வெளியேற வேண்டும் என்பதுதான்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். ஸ்ரீநிவாஸ் யாருக்கோ போன் செய்தான், திரும்பவும் செய்தான். அரைமணி நேரம் வாசலிலேயே நின்று சமாதானம் பேசினான். அவன் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் இரண்டு பக்கத்தையும் தன் போனில் படமெடுத்தாள். அதைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனான்.

புதன்கிழமை விடியலில் அவள் குழாயடிக்குப் போனதும் பேச்சு நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை, குடத்துக்கு வழிவிட்டார்கள். அந்த வழிவிடல்தான் உறுத்தியது. அன்று சாயங்காலம் அவளுடைய கணவன் ஹரோல்ட் போன் செய்தான். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். மனோகர் தன்னிடம் பேசியதாகச் சொன்னான். ஈவ்லின் லைனை விட்டுவிட்டுத் தனக்கு மட்டும் மாற்றுவீடு கேட்டிருக்கிறாள் என்று எல்லோரும் பேசுகிறார்களாம்.

"நிஜமா ஒண்ணும் கேக்கலயே நீ?" என்றான்.

இருபது வருடம் கூட வாழ்ந்தவன். அவள் போனை வைத்தாள். பிறகு வெகுநேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கோபம் ஹரோல்ட் மேல் அல்ல. யாரைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தாலும் தானும் இதே கேள்வியைத்தானே கேட்டிருப்போம் என்று தோன்றியதுதான் அவளைக் குடைந்தது.

அவளுக்கு அடுத்த வீட்டுப் பார்வதம்மா மேல் சந்தேகம். இருவருக்கும் இடையில் ஒரு தகரச் சுவர்தான். சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்ற சண்டையில் நாலு வருடமாகப் பேச்சில்லை. சர்வே நடந்த அன்று பார்வதம்மா ஒரு காகிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகுவதைத் தகரத்தின் ஓட்டை வழியாக ஈவ்லின் பார்த்திருந்தாள். மனோகருக்குக் காதாக இருப்பது இவள்தான் என்று முடிவு கட்டினாள்.

ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் அப்போது அவள் நினைக்கவில்லை. தன் பெயரைக் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி நாற்பத்திரண்டு பிரதி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு ஜனங்கள் வந்த நேரத்தில் குழாயடிச் சிமெண்டு மேடையில் ஏறி நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழகாதவள். அதனால் பேசவில்லை, படித்தாள். முதலில் கன்னடத்தில், பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில்.

பாதியில் மனோகர் வந்துவிட்டான்.

"படிக்கத் தெரிஞ்சா நீ சொல்றதுதான் அர்த்தமா? தெரவுன்னா நம்ம தெருவோட வெவரம். ரோடு போடறதுக்கு எடுக்கறாங்க."

"தெருவுக்குக் கன்னடத்துல வேற வார்த்தை கீது. தெரவுன்னா காலி பண்றது. உங்க பொண்ணு கன்னடம் படிக்குதில்ல, கூப்ட்டுக் கேளுங்க."

மனோகர் மகளைக் கூப்பிடவில்லை. "அத வுடு. அவன் உன் வாசல்ல அரைமணி நேரம் நின்னானே, இன்னா பேசின? அத சொல்லு மொதல்ல," என்றான்.

நாற்பது ஐம்பது முகங்கள் அவளைப் பார்த்தன. ஈவ்லினிடம் பதில் இருந்தது, சாட்சி இல்லை. இத்தனை வருடம் யாரையும் அண்டவிடாமல் இருந்ததன் பலன் அந்த நொடியில் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து பார்வதம்மா முன்னே வந்தாள். கனத்த உடம்பு, மூட்டு வலி, மெதுவாகத்தான் வந்தாள்.

"தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்னு நான் முழுசாக் கேட்டேன். படிக்கக் குடுன்னா. போடமாட்டேன்னா. வேற ஒண்ணும் கேக்கல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இவளுக்கும் எனக்கும் ஆவாது. அது ஊருக்கே தெரியும். ஆனா கேட்டத கேக்கலன்னு சொல்ல மாட்டேன்."

பிறகு இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஈவ்லினிடம் நீட்டினாள்.

"நான் போட்டுட்டேன். கைநாட்டு. ஹக்குப் பத்திரத்துக்குன்னு சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாத, சொன்னா உனக்குக் கெடைக்காதுன்னாங்க. அவங்க குடுத்துட்டுப் போன ஜெராக்ஸ் இது. இதுவும் அதே காயிதமா பாரு."

அதே காகிதம்தான். ஈவ்லின் தலையாட்டினாள். பார்வதம்மா அழவில்லை. கட்டை விரலில் இன்னும் மை இருப்பதுபோலப் புடவையில் தேய்த்துக்கொண்டாள்.

 கூட்டத்திலிருந்து ஓர் ஆண் குரல், தானும் போட்டதாகச் சொன்னது. தன் மாமியார் போட்டதாக இன்னொருத்தி. கை தூக்கச் சொல்லி எண்ணியபோது பதினேழு வீடு. பதினேழு பேரிடமும் அதே வார்த்தை: யாரிடமும் சொல்லாதே. ஒரு வாரமாக ஒவ்வொரு வீடும் தான் மட்டுமே முந்திக்கொண்டதாக நினைத்து, அடுத்த வீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லோரும் மனோகர் பக்கம் திரும்பினார்கள். இரண்டாவது பக்கத்தைத் தனக்குக் காட்டவில்லை என்றான். சத்தியம் செய்தான். அவனையும் ஏமாற்றினார்களா, அவனே கூட்டாளியா என்பது இன்றுவரை லைனுக்குத் தெரியாது. ஈவ்லின் அவனை அடிக்க வந்தவர்களைத் தடுத்தாள். ஆனால் சங்கத்து முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று மத்தியானமே ஒரு தீர்மானம் எழுதினார்கள். இனி எந்தக் காகிதம் வந்தாலும் குழாயடியில் கன்னடத்திலும் தமிழிலும் சத்தமாகப் படிக்க வேண்டும். படிக்காமல் யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது. கொடுத்த ஒப்புதலையெல்லாம் திரும்பப் பெறுகிறோம் என்று நாற்பத்திரண்டு வீடும் சேர்ந்து ஒரே மனு கொடுப்பது. மனுவை யார் எழுதுவது என்ற கேள்விக்கு எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தான் எழுதுவதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். என்னையும் நம்பாதீர்கள் என்று சொன்னபோது முதல்முறையாகச் சிலர் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை லைனில் பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லை. சலவை ஆலை சூப்பர்வைசர், வராவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று போனில் சொல்லியிருந்தார். ஆனாலும் ஈவ்லின் அறுபது பேரோடு தாலுகா அலுவலகத்துக்கு நடந்தாள். ஹரோல்டும் லீவு போட்டு வந்திருந்தான். மனுவையும் அதன் பிரதிகளையும் அவளிடமிருந்து வாங்கித் தூக்கிக்கொண்டான். எதிரே டீக்கடையில் மனோகர் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். யாரிடம் பேசினான் என்று தெரியவில்லை.

அதிகாரி மனுவைத் தொடவில்லை.

"இப்படிக் கும்பலா வந்தா வாங்க முடியாது. ஒவ்வொருத்தரா தனித்தனியா வாங்க. அவங்கவங்க பிரச்சினைய நான் கேக்கறேன்."

"தனித்தனியா வந்துதான் சார் பதினேழு பேரு ஏமாந்தோம்," என்றாள் ஈவ்லின்.

"அது சும்மா ஒரு சர்வேம்மா."

"அப்ப அந்த ரெண்டாவது பக்கம் செல்லாதுன்னு எழுதிக் குடுங்க. போயிடறோம்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "யாரு உங்க லீடர்? ஒரு பேரு சொல்லுங்க, அவங்ககிட்ட பேசறேன்."

அந்தக் கேள்வியில் கொக்கி இருப்பது ஈவ்லினுக்குத் தெரிந்தது. ஒரு பெயர் கிடைத்தால் அந்த ஒருத்தியை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம், விலை போய்விட்டதாக வதந்தி கிளப்பலாம். அவள் வாய் திறக்குமுன் பார்வதம்மா தன் பெயரைச் சொன்னாள். அடுத்து ஹரோல்ட் சொன்னான். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டு எண்ணோடு பெயர் சொல்லத் தொடங்கினார்கள். வராந்தாவரை அது போயிற்று. வெளியே வெயிலில் நின்றவர்களும் ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். ஈவ்லின் கடைசியாகத் தன் பெயரைச் சொன்னாள்.

மத்தியானம் இரண்டரைக்கு மனுவின் பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பெற்றுக்கொள்ளப்பட்டது என்பதற்கு மேல் அதில் ஒரு வார்த்தை இல்லை. தேதி சரியாக இருக்கிறதா என்று அவள் இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.

பதில் இன்னும் வரவில்லை. ஸ்ரீநிவாஸ் இன்னொரு முறை வந்தான். குழாயடியில் படித்துக் காட்டச் சொன்னதும், காகிதம் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். சலவை ஆலையில் ஈவ்லினைப் பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கு மாற்றியிருக்கிறார்கள். சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் பார்வதம்மாவோடு சண்டை தீரவில்லை, ஆனால் இப்போது நேருக்கு நேர் நின்று போடுகிறார்கள்.

போன வாரம் உரிகம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது இரண்டு பெண்கள் அவளிடம் வந்தார்கள். முன்பின் தெரியாத முகங்கள். சாம்பியன் சுரங்கத்துப் பக்கத்து லைன் என்றார்கள். ஒருத்தி பையிலிருந்து நாலாக மடித்த கன்னடக் காகிதத்தை எடுத்தாள்.

ஈவ்லின் கை நீட்டவில்லை. "யாரு உங்கள அனுப்புனாங்க?" என்று கேட்டாள்.

யாரும் அனுப்பவில்லை, ரயிலில் பேசிக்கொண்டதைக் கேட்டு வந்தோம் என்றார்கள். எத்தனை வீடு, எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், சர்வேக்காரனோடு வந்தது யார் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர்களும் அவளை அளப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. ரயில் வளைவில் தெரிந்தது.

"இங்க படிக்க வேணாம். ஞாயித்துக்கெழமை உங்க லைன்ல எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க," என்றாள். "நான் தனியா வரமாட்டேன். நாங்க நாப்பத்திரெண்டு வீடும் வரோம்."