உதட்டுக்குத் தெரிந்த நரம்பு

இடது கை ஆள்காட்டி விரல் முன்னால் போகும். வலது கையிலுள்ள பிரஷ் அதன் பின்னால் போகும். தலை பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவர்களுக்கு அதுதான் பழக்கம். ஒரு பக்கத்து முகத்தில் தோலை உரித்து உள்ளே இருப்பதைக் காட்டுகிற பொம்மை. மருத்துவக் கல்லூரிக்குப் போவது. மெல்லிய நூலை ஒட்டினால் நரம்பு, தடித்த நூலை ஒட்டினால் ரத்தக் குழாய். மேலே வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நரம்புக்கு மஞ்சள், குழாய்க்குச் சிவப்பு. எது எதுவென்று டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. விரல்தான் சொல்ல வேண்டும்.

செண்பகவல்லியின் விரல் மூன்று வாரமாக ஒன்றும் சொல்லவில்லை.

காதுக்கு முன்னால் ஐந்து கிளையாகப் பிரிகிற நரம்பை அழுத்தித் தடவினாள். சுவரைத் தொட்டாலும் அப்படித்தான் இருந்திருக்கும். நேற்று தாடையில் ஏறி வாயோரம் போகிற ரத்தக் குழாய்க்கு மஞ்சள் பூசிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் தின்னரால் துடைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு தப்பு செய்ததே இல்லை. நாற்பது தலை, இன்னும் பன்னிரண்டு பாக்கி. நாளை காலையில் வண்டி வந்துவிடும்.

தாராவியில் அவர்கள் வேலை செய்கிற மச்சுக்கு இரும்பு ஏணிதான் படி. காலையில் சொலூஷன் என்கிற பசையைத் தொட்டு நூல் ஒட்டுவது, மதியத்துக்கு மேல் வர்ணம். சொலூஷன் நாறுகிறதென்று எதிர்வீட்டார் சண்டைக்கு வந்த நாளிலிருந்து ஒரே சன்னலையும் ஆணியடித்து மூடியிருந்தது. அவர்களுக்கு நிம்மதி.

பைக்குள் கிடந்த சீட்டு அவளை உட்கார விடவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் அவள் கண்ணை மூடச் சொல்லி, ஒரு இரும்புக் கவையைத் தட்டி, கணுக்காலில் வைத்திருக்கிறேன், அதிருதா என்று ஹிந்தியில் கேட்டார். அதிருது என்றாள். கண்ணைத் திறந்து பாருங்கள் என்றார். கவை அவர் மடியில் கிடந்தது. அதற்குப் பிறகு பொய் சொல்ல அவளுக்கு வழியில்லை. மூடிய அறையில் சொலூஷன் காற்று நரம்பைத் தின்கிறது, இப்போது நிறுத்தினால் மெல்லத் திரும்பும், விட்டால் நடையும் போய்விடும் என்று சொல்லி, முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதைத்தான் கொடுக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலைச்செல்வி இதே மாதிரி கை மரத்துப்போகுது என்று சொன்னாள். முதலாளி கரீம் பாட்சா அன்பாக ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். அவள் இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறாள். செண்பகவல்லிக்குப் புருஷன் இல்லை. மகள் ஷ்யாமளா பன்னிரண்டாவது படிக்கிறாள். வீட்டில் சம்பாதிக்கிற கை இது ஒன்றுதான்.

அலமாரி மேல் ஒரு கோரமான பொம்மை நின்றது. சின்ன உடம்பு, முறம்போல இரண்டு கை, தடித்த உதடு. மூளை நம் உடம்பை இப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறதாம். எங்கே உணர்ச்சி அதிகமோ அங்கே பெரிது என்று கரீம் பாட்சா ஒருமுறை சொன்னார். செண்பகவல்லி அதையே பார்த்தாள். கை போய்விட்டது. அடுத்துப் பெரிது உதடு.

பாதி பூசிய தலையைத் தூக்கி, அதன் கன்னத்தைக் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுத்தாள். இதோ, மெல்லிய நூல். இதோ, தடித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யக்கா, பொம்மைக்கு முத்தம் குடுக்கீங்களா?" எதிரில் உட்கார்ந்திருந்த அஸ்ரின் சிரித்தாள். அவளுக்கு இருபது வயது. வேலைக்கு வந்து ஒரு வருஷம். "அரே, ஒதடெல்லாம் மஞ்சளு!"

"சத்தம் போடாத பிள்ள. வெரல்ல ஒண்ணும் தெரியமாட்டேங்கு. காலும் மதமதன்னு கெடக்கு. அன்னைக்கு ஒத்தச் செருப்போட வந்து நின்னேம்லா? மறதின்னு சொன்னேன். மறதி இல்லட்டி. கழண்டு போனதே தெரியல."

அஸ்ரினின் சிரிப்பு நின்றது. விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

"எனக்கும் பாதம் சுள்ளுசுள்ளுன்னு குத்துதுக்கா. சாண்டல் சின்னதாயிருச்சுன்னு நெனச்சு புதுசு வாங்குனேன். ஃபிர் பீ, அப்பவும் குத்துது."

செண்பகவல்லி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். தன் பயத்தை மூன்று வாரம் மூடி வைத்ததில் இந்தப் பெண்ணையும் சேர்த்து மூடி வைத்துவிட்டோம் என்று ஆத்திரமாக வந்தது. பையிலிருந்து சீட்டை எடுத்தாள்.

தலைகளைப் பார்க்க ஏணியேறி வந்த கரீம் பாட்சா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். அவரை மோசமான ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஏம்மா முன்னயே சொல்லல?"

"கலைச்செல்விய நெனச்சுத்தான் பாய்."

"அவள நா போகச் சொல்லலியே. ரெஸ்ட்டுதான எடுக்கச் சொன்னேன்?"

"எனக்கு ரெஸ்ட்டு வேண்டாம். சன்னல் ஆணியப் புடுங்குங்க. ஒரு ஃபேன் வாங்கிப் போடுங்க. கைக்கு உறை குடுங்க. இந்தப் பிள்ளைக்கும் ஆரம்பிச்சிட்டு பாய்."

அவர் அஸ்ரினைப் பார்த்தார். அவள் காலைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உறை போட்டா நூலு கைக்கு நிக்காது. சன்னலத் தொறந்தா எதுத்தவன் கம்ப்ளெயிண்ட் குடுப்பான். ஃபேன் இன்னைக்கே வாங்குதேன், சரிதானா?" என்று சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இந்தப் பன்னெண்டையும் மட்டும் முடிச்சிருங்க. ஒங்க சுத்தம் வேற யாருக்கும் வராது."

செண்பகவல்லி அடுத்த தலையை எடுத்துக் கீழுதட்டில் வைத்தாள். கரீம் பாட்சா அதைப் பார்த்தார். ஏணியில் இறங்கிப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பன்னிரண்டாவதும் முடிந்தது. மாஹிமில் வாங்கிய மேசை ஃபேனை அவரே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அஸ்ரின் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். பிளக்கைச் சொருகி, நாற்பது தலைகளும் வரிசையாக நின்ற பலகையைப் பார்க்க அதைத் திருப்பி வைத்தார்.

"மாமா, இங்கிட்டுத் திருப்புங்க" என்றாள் அஸ்ரின்.

"இன்னைக்கு ஒரு நாளு பொறுத்துக்கோம்மா. காலையில வண்டி. பெயிண்டு காயணும்லா?"

பிறகு செண்பகவல்லி பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "நீங்க நாளையிலேர்ந்து ரெஸ்ட் எடுங்க. நா சொல்லி அனுப்புதேன்."

அவள் முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். மஞ்சள் போகவில்லை. சீட்டைத் திருப்பிக் கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்குள் தலைகளை எண்ண ஆரம்பித்திருந்தார்.

ஏணியில் ஒவ்வொரு படியிலும் கால் பதிந்ததா என்று குனிந்து பார்த்துக் கால் வைத்தாள். நான்காவது படியில் தலை மச்சின் தரைமட்டத்துக்கு வந்தபோது நின்று பார்த்தாள். அடுத்த ஆர்டருக்கு நூல் ஒட்ட அஸ்ரின் சொலூஷன் டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். ஃபேன் வேகமாகச் சுற்றியது. நாற்பது தலைகளின் கழுத்திலும் கட்டியிருந்த காகிதச் சீட்டுகள் படபடத்தன. அஸ்ரினின் துப்பட்டா நுனிகூட அசையவில்லை.