அறுபத்தோராவது வருடம்

பொருட்காட்சிக்கு நூறு வயதாகப் போகிறது, அதன் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று அண்ணன் வந்து நின்றபோது, நகர நூலகத்தின் நூலகர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். அண்ணன்தான் பொருட்காட்சியின் செயலாளர். அவருக்கு முன்னால் அப்பா. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் பாதி டிராக்டரும் மாட்டுக் கொட்டகையுமாகத்தான் இருக்கும்.

"உனக்குத் தெரியாததா? உட்கார்ந்தா ஒரே மூச்சுல எழுதிடுவே," என்றார் அண்ணன். "நூற்றாண்டு மலர்ல அறுபது பக்கம். இருபது நாள் டைம்."

முதல் பத்து நாள் எழுத்து தண்ணீராக ஓடியது. முதல் வருடம் பதினான்கே கொட்டகைகள். எட்டாவது வருடம் வந்த முதல் டிராக்டர் கடைசிவரை கிளம்பவே இல்லை; அதை மேடை வரைக்கும் இழுத்துப் போனது நான்கு காளைகள். பெரிய பூசணிக்கு மூன்று வருடம் தொடர்ந்து பரிசு வாங்கிய அம்மாளின் பூசணி கடையில் வாங்கியது என்பது நான்காம் வருடம்தான் வெளியே வந்தது. இதையெல்லாம் எழுதும்போது நூலகர் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

அறுபத்தோராவது வருடத்தில் பேனா நின்றது.

எழுபத்தைந்தாம் ஆண்டு மலரில் அந்த வருடத்துக்கு ஒரே வரி: 'கடும் மழை காரணமாகப் பொருட்காட்சி மூன்றாம் நாளே நிறைவுபெற்றது.' அதை அப்படியே எடுத்து எழுதியிருக்கலாம். ஆனால் தேதிகளைச் சரிபார்க்க அவள் அந்த மாதத்துப் பத்திரிகைக் கட்டைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள். நகரம் முழுக்க லாரியில் தண்ணீர். அந்த மாதத்தில் ஒரு தூறல்கூட இல்லை. பொருட்காட்சி பற்றி எந்தப் பத்திரிகையும் வாயே திறக்கவில்லை.

அண்ணனுக்கு போன் செய்தாள்.

"மழைன்னு போட்டிருக்குல்ல? அதையே எழுது."

"மழையே பெய்யலைண்ணா."

"நாப்பது வருஷத்துக்கு முந்தின மழையை இப்ப எவன் வந்து அளக்கப் போறான்?" அண்ணன் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அலமாரிகளுக்கு நடுவே காரணமில்லாமல் நடந்தாள். சமையல் புத்தகத்தைச் சட்டப் புத்தகங்களோடு செருகினாள். வாசகர் ஒருவர் கேட்ட புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஐந்து நிமிடம் தேடினாள். அந்த வருடம் அவளுக்கு ஒன்பது வயது. பொருட்காட்சி நடக்கும் வாரத்தில் வீட்டில் கண்ணிலேயே படாத அப்பா, அந்த வருடம் மட்டும் வெளியே போடும் சட்டையைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தது நினைவு வந்தது. "அப்பாகிட்ட எதுவும் கேக்காதே" என்று அம்மா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டதும்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். பொருட்காட்சி மாடுகளையெல்லாம் பார்வையிடுவது அங்குள்ள மருத்துவர்கள்தான். பதிவேட்டு அறையின் எழுத்தர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு பழைய கட்டுகளை இறக்கினார். "மேடம், இதையெல்லாம் கரையானே படிச்சு முடிச்சிருக்கும்," என்றார். கரையான் அந்த வருடத்தை விட்டுவைத்திருந்தது.

அன்றைய மருத்துவரின் கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தாலும் விஷயம் தெளிவாகவே இருந்தது. வெளியூரிலிருந்து லாரியில் வந்த பன்னிரண்டு மாடுகளுக்கு வாயில் புண், எச்சில் ஒழுகியது. திடலின் வாயில் காவலர் உள்ளே விட மறுத்தார். செயலாளர் கைப்பட எழுதிய சீட்டு வந்த பின் அவை உள்ளே விடப்பட்டன. மூன்றாம் நாள் கோமாரி என்று உறுதியானது. திடல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் நோய் பதினொரு கிராமங்களுக்குப் போய்விட்டது. செத்த கன்றுகள் மட்டும் நூற்றுக்கு மேல்.

அந்த வருடம் செயலாளர் அப்பா. போன வாரம் பொருட்காட்சிக் குழுவின் பழைய கூட்டக் குறிப்பில் ஒரு வரியை யோசிக்காமல் படித்துவிட்டுக் கடந்து வந்திருந்தாள்: 'நோயுற்ற மாடுகளை அனுமதித்த வாயில் காவலர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.'

அந்தக் காவலர் இப்போது இல்லை. ஆனால் அவருடைய மகளைத் திடலில் தெரியாதவர்கள் கிடையாது. மருந்து தெளிக்கும் பம்புகளைப் பழுது பார்ப்பவர். வருடா வருடம் பொருட்காட்சியில், கழிப்பறைகளுக்குப் பக்கத்துக் கடைசி மூலையில் ஒரு கடை போடுவார். எல்லாருக்கும் அவர் 'பம்பு அக்கா'. நூலகர் அவருடைய பட்டறைக்குப் போனபோது, அக்கா ஒரு பம்பைக் காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து வாஷரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நூலகர் நின்றபடியே சொல்லி முடித்தாள். அக்கா நிமிரவில்லை.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எனக்குத் தெரியாத விஷயமா இது?"

"எழுதலாமான்னு கேக்க வந்தேன்."

"எங்கிட்ட என்ன கேள்வி? உங்கப்பா எங்கப்பாவைக் கேட்டா செஞ்சாரு?" அக்கா ஸ்பேனரைக் கீழே போட்டார். "ஊர்ல எவன் வீட்டுல மாடு செத்தாலும் எங்க வாசல்ல வந்து மண்ணை வாரி வீசினான். 'நான் தடுத்தேன்'னு எங்கப்பா சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாரு. அந்தச் சீட்டை அவரு வெச்சிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்க. ஆனா அதைக் கொண்டு வந்த பையன் திடலை மூடின அன்னிக்கே வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான்."

"எந்தப் பையன்?"

அக்கா அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "உங்க அண்ணனைக் கேளுங்க."

அங்கிருந்து பொருட்காட்சி அலுவலகத்துக்கு அவள் பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே போனாள். அண்ணன் கடை ஒதுக்கீட்டு வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே உதவியாளரை வெளியே அனுப்பினார்.

"சீட்டைக் கொண்டு போனது நீங்களா?"

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார்.

"எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. அப்பா குடுத்தாரு, கொண்டு போனேன். திருப்பி வாங்கிட்டு வான்னாரு, வாங்கிட்டு வந்தேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அந்த மாடெல்லாம் பெரிய இடத்து மாடு. திருப்பி அனுப்பியிருந்தா அடுத்த வருஷம் பொருட்காட்சியே இருந்திருக்காது. அப்பா அப்படித்தான் சொன்னாரு." குரல் உயர்ந்தது. "செத்துப் போன மனுஷன் பேரை இப்ப ஏன் சந்திக்கு இழுக்கிறே? உனக்கு அவரு அப்பா இல்லையா?"

"அதனாலதான் எழுதணும்ங்கிறேன்."

அவள் எழுதிக் கொடுத்தாள். மலர் அச்சாகி வந்தபோது அறுபத்தோராவது வருடத்தில் பழையபடி மழை பெய்திருந்தது.

தொடக்க விழாவில் வரலாற்றைச் சுருக்கி மேடையில் வாசிப்பதும் அவள் பொறுப்புதான். அழைப்பிதழில் அச்சாகிவிட்டதால் அண்ணனால் அதை மாற்ற முடியவில்லை. காலை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் ஐம்பது வருடங்களைத் தாண்டினாள், அறுபதைத் தாண்டினாள்.  பின்னால் அண்ணனின் நாற்காலி கிறீச்சிட்டது. கையிலிருந்த மலரை மூடிவிட்டு, மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள்.

"அந்த வருடம் மழை பெய்யவில்லை," என்று தொடங்கி எல்லாவற்றையும் வாசித்தாள். சீட்டு எழுதியவர் என் தகப்பனார் என்றாள். கொண்டு போனவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "வாயில் காவலர் தவறுதலாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்" என்று முடித்து அறுபத்திரண்டாம் வருடத்துக்குப் போனாள்.

இடி எதுவும் விழவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் புதிய அறுவடை இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். சிறப்பு விருந்தினர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் வயதான விவசாயிகள் நாலைந்து பேர் மட்டும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திடல் முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்ததால் கடைசி மூலை வரைக்கும் கேட்டிருக்கிறது. அவள் மேடையைவிட்டு இறங்குவதற்குள் பம்பு அக்கா வந்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ்.

"படிச்சீங்க, சரி. 'தவறுதலா'ன்னு ஏன் சொன்னீங்க? தவறுதலாவா தூக்கினாங்க? தெரிஞ்சேதானே தூக்கினாங்க?"

நூலகர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அந்த வார்த்தையை நாலு தடவை அடித்து எழுதியிருந்தாள். கடைசியில் மெத்தென்று இருந்ததை வைத்துக்கொண்டாள். "ஆமாக்கா," என்றாள். "தப்புதான்."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

அக்கா அதோடு விடவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய் அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கதவுக்கு வெளியே நூலகர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் வெளியே வந்தார். தங்கையைப் பார்க்காமலே ஒலிபரப்பு அறைக்குள் போனார். ஒலிபெருக்கியில் அவருடைய இருமல் முதலில் கேட்டது.

"காலையில் வாசித்த வரலாற்றில் ஒரு திருத்தம். அறுபத்தோராவது வருடத்தின் வாயில் காவலர் மீது எந்தக் குற்றமும் இல்லை. தெரிந்தே அவர் மீது பழி போடப்பட்டது. சீட்டைக் கொண்டு போனதும், திருப்பி வாங்கி வந்ததும் நான்."

 யாரோ மைக்கை அணைத்தார்கள்.

அண்ணன் அவளோடு பேச எட்டு மாதமானது. அதுவும் அண்ணி போனை வலுக்கட்டாயமாகக் கையில் திணித்ததால்தான். எடுத்த எடுப்பில், "நூத்தியோராவது வருஷத்துக்குக் கடை ஒதுக்கிட்டு இருக்கேன்," என்றார். "அந்தப் பம்புக்காரம்மாவுக்கு வாசல் பக்கத்துல முதல் கடையைக் குடுத்தேன். வேண்டாம்ங்குது. 'என்னைத் தேடி வர்றவங்களுக்கு மூலை பழகிடுச்சு, நீங்க குடுத்து நான் வாங்கிக்க மாட்டேன்'னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போயிடுச்சு. நீ கொஞ்சம் பேசிப் பாரேன்."

"நான் பேச மாட்டேண்ணா."

"அப்ப அந்தக் கடையை யாருக்குக் குடுக்கிறது?"

"தெரியலை," என்றாள் நூலகர்.

அண்ணன் போனை வைக்கவில்லை. மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.