ஒழுக்கு மடுத் தும்பி

தம்பலகாமத்தில், கண்டி வீதியோரமாக இருந்த அந்த மடுவை உண்டாக்கியவன் நான்தான். இதைச் சொன்னால் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாய்க்கால் கட்டில் ஓர் ஒழுக்கு இருந்தது. அடைக்கச் சொல்லி மேலிடம் எழுதியது. சீமெந்து கேட்டேன். சீமெந்து மூட்டை சென்றியை, அதாவது வீதிக் காவலரணை, தாண்டிப் போவதற்கு ஆமிக்காரனின் அனுமதி வேண்டும் என்றார்கள். அந்த அனுமதி நடந்து வந்துகொண்டிருக்கும்போதே நான் பென்சன் எடுத்துவிட்டேன். ஒழுகிய தண்ணீர் பள்ளத்தில் தேங்கியது. பக்கத்தில் நின்ற மூன்று மருத மரங்களும் அதைக் குடித்துக் குடித்துப் பெருத்து, ஒன்றின் தலையை ஒன்று முட்டி, நடுப்பகலில் டோர்ச் அடித்துக்கொண்டு போகவேண்டிய ஓர் இருட்டை உண்டாக்கி வைத்தன. முப்பது வருட அரச சேவையில் நாட்டுக்கு நான் செய்த ஒரே உபகாரம் அந்த ஒழுக்கை அடைக்காமல் விட்டதுதான்.

அந்த இருட்டுக்குள்தான் யோகலிங்கம் மரகதத் தும்பியைக் கண்டார்.

யோகலிங்கம் பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் விலங்கியல் படிப்பித்து ஓய்ந்தவர். இருபத்தைந்து வருடமாகத் தும்பி பிடித்துக் கண்ணாடிப் பெட்டிகளில் குத்தி வைத்திருந்தார். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் வீட்டோடு பெட்டிகளும் எரிந்தன. அதற்குப் பிறகு அவரும் மனைவி இரத்தினேஸ்வரியும் உவர்மலையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். மகள் கனடாவிலிருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரத்தினேஸ்வரி சூட்கேசுக்குப் பூட்டுக்கூட வாங்கிவிட்டாள். மனுசன்தான் அசையவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊர் இருந்தது, ஆட்கள் இல்லை. என் ஒழுங்கையில் விளக்கு எரிந்த வீடு என்னுடையது ஒன்றுதான். மற்றவையெல்லாம் பூட்டிக் கிடந்து, பூட்டும் துருப்பிடித்துப்போனது. மீன்பிடிக்கத் தடை போட்டதால் துறைமுகக் கடல், மீன்களுக்கே அலுத்துப்போகுமளவுக்குச் சும்மா கிடந்தது. கதைக்க எனக்கு மிஞ்சியிருந்த ஒரே மனிதர் யோகலிங்கம். அவரும் போனால் நான் சுவரோடுதான் கதைக்கவேண்டும். அதனால் அவர் எந்தப் பூச்சியைப் பார்க்கவேண்டும் என்றாலும் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

சுற்றாத இடமில்லை. சாம்பல்தீவில் தாமரைக் குளத்துச் சிவப்புத் தும்பி. குறிஞ்சாக்கேணிக் களப்போரத்தில் உப்புத் தண்ணீரையும் பொருட்படுத்தாத ஒரு சாம்பல் நிறத்துத் தும்பி. வயல் முழுக்க மஞ்சள் தும்பிகள். “இதெல்லாம் அகதி முகாமிலையும் சீவிக்கிற சாதி” என்பார் யோகலிங்கம். வெயிலோ சேறோ, உழவு மெசின் ஓடிக் கலங்கின தண்ணியோ, எதையும் தாங்கும். மரகதத் தும்பி அப்படியல்ல. அதற்கு மரநிழல் வேண்டும். நிழலுக்குள்ளே ஓடியும் ஓடாததுமான தண்ணீர் வேண்டும். அடியில் இலை உக்கிக் கிடக்கவேண்டும். பெட்டை பறந்தபடியே வாலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு முட்டையிடும். குஞ்சு அந்த இலைக்குள்ளே மாதக்கணக்காகக் கிடந்து, பிறகொரு நாள் வேரைப் பற்றி ஏறித் தோலைக் கழற்றிப் பறக்கும்.

முதன்முதலாக அதை நான் பார்த்தபோது என் ஆயுளில் பத்து வருடம் கூடிற்று. உடம்பு பச்சை உலோகம்போல மினுங்கியது. கண்கள் இரண்டையும் கொழும்பு நகை வியாபாரி கண்டால் அன்றோடு கடையைப் பூட்டிவிடுவான். மடுவின் மேலே முழங்கால் உயரத்தில் போய்ப் போய்த் திரும்பியது, சென்றிக்காரனைப்போல.

யோகலிங்கத்தின் பிரச்சினை வேறு. அவர் கண்டது ஓர் ஆண் தும்பியை மட்டும்.

“இது இஞ்ச குடியிருக்கிறதோ, காத்து அடிச்சு வந்து நிக்கிறதோ எண்டு தெரியேல்ல ஐசே” என்றார். “குஞ்சு ஏறித் தோல் கழட்டினதை ஒருக்கால் கண்டால் போதும். பிறகு எங்கையெண்டாலும் போவன்.”

பிடித்துப் பார்க்கவும் வழியில்லை. அவருடைய நீளக்கைப்பிடி வலையை அன்ரெனா என்று சந்தேகித்து சென்றியில் பறித்துவிட்டார்கள். பூச்சி பிடிக்கிற வலை என்று அவர் விளக்கியபோது, சண்டைக்குள்ளே பூச்சி பிடிக்கிற பைத்தியம் எவன் என்று அவர்கள் இன்னும் கூடச் சந்தேகப்பட்டார்கள். அதனால் வெள்ளிக்கு வெள்ளி போய் மடுக்கரையில் குந்தியிருந்து வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு வருவோம்.

அப்படி இருக்கும்போதுதான் வீதியின் இரண்டு பக்கமும் ஆமி காடு வெட்டப்போகிறது என்று தெரியவந்தது. இயக்கக்காரர்கள் காட்டுக்குள் பதுங்கியிருந்து தாக்குகிறார்களாம், வீதிக்கரையில் முயல்கூட ஒளிக்க இடமிருக்கக்கூடாதாம். கந்தளாய்ப் பக்கமிருந்து புல்டோசர் வந்துகொண்டிருந்தது. பாலையும் முதிரையும் சரிகிற சத்தம் எங்களுக்கு உவர்மலையில் கேட்டது. கேட்டிருக்க ஏலாது என்பார்கள். எனக்குக் கேட்டது.

யோகலிங்கம் சாப்பிடுவதை விட்டார். யாரிடம் போய் ஒரு தும்பிக்காக மூன்று மரத்தை விடச் சொல்வது? மனுசருக்காகவே அப்போது எவரும் எதையும் விடவில்லை. வழியைச் சொன்னது இரத்தினேஸ்வரி. அதுவும் எரிச்சலில் சொன்னது.

“சாமியிருக்கிற மரமெண்டால் அவங்கள் தொடமாட்டாங்கள். உங்கட பூச்சியைக் கொண்டுபோய்க் கோயிலுக்குள்ள விடுங்கோவன்.”

யோகலிங்கம் எழும்பிக் குசினிக்குள் போனார். ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிமிர்த்தி வைத்துப் பார்த்தோம். தொந்தி இருந்தது. கழுத்தில்லை, ஆனால் பிள்ளையாருக்கும் அது பெரிதாக இல்லை. மூன்று குறி விபூதியும் சந்தனப் பொட்டும் ஒரு சிவப்புத் துண்டும் போட்டவுடன் நானே கையெடுத்துவிட்டேன்.

“இனி உழுந்தை உங்கட தலையிலயோ ஆட்டுறது?” என்று இரத்தினேஸ்வரி கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “தம்பிராசா அண்ணை, நீங்களும் சேர்ந்துதானே இவருக்கு விசர் ஏத்திறியள்” என்றாள். நான் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சென்றியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். ஆமிக்காரன் தொப்பியைக் கழற்றினான். “கணதெய்யோ” என்று, பிள்ளையாருக்குச் சிங்களத்திலிருக்கிற பெயரை மற்றவனுக்குச் சொன்னான். எங்களை ஒருநாளும் சோதிக்காமல் விட்டவர்கள் அல்ல. அன்றைக்கு மந்திரியின் காருக்குத் திறப்பதுபோலத் தடியை உயர்த்தினார்கள். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பெரிய மருத மரத்தின் அடியில் ஆட்டுக்கல் குழவியை நட்டுக் கற்பூரம் கொளுத்தினோம்.

புல்டோசர் வந்தது. மரத்தடிக்கு எதிரே வந்து நின்றது. அதிகாரியொருவன் இறங்கிவந்து குழவியைக் கும்பிட்டான். மெசின் அந்த மூலையை வளைத்துக்கொண்டு அப்பால் போயிற்று. அடுத்த வெள்ளி நாங்கள் போனபோது இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் சிவந்த மண்தான். பிரட்டிப்போட்ட அடிமரங்கள், வேரோடு வானத்தைப் பார்த்தபடி. நிழலே இல்லாத அந்த வெளியின் நடுவில் எங்கள் மூன்று மரமும் மடுவும் மட்டும் பச்சையாக நின்றன. மடுவின் மேலே இரண்டு தும்பிகள். ஒன்று வாலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் போயிற்று.

யோகலிங்கம் என் தோளைப் பிடித்தார். அழுதார் என்றே நினைக்கிறேன். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“குடியிருக்குது ஐசே” என்றார்.

இனிக் குஞ்சு ஏறும்வரை காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தோம். பட்டணத்து ஆட்களின் மூளை அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளையார் என்றால் தேங்காய் உடைப்பது, தோப்புக்கரணம் போடுவது. காட்டுப் பாதையில் போகிறவர்களின் வழக்கம் வேறு. யானைக் காட்டுக்குள் போகிறவன், தமிழனோ சிங்களவனோ, வழியிலிருக்கிற பிள்ளையாருக்கு இலையோடு ஒரு சிறு கொப்பை, குழையை, முறித்துத் தொங்கவிட்டுத்தான் போவான். குழை கட்டினால் யானை மறிக்காது என்பது எத்தனையோ தலைமுறைக் கணக்கு. அந்தக் காலத்தில் மறிக்கிறதற்கு யானையைவிடப் பெரிய விசயங்களும் இருந்தன. கண்ணிவெடி இருந்தது. ஆகவே கண்டியிலிருந்தும் அனுராதபுரத்திலிருந்தும் வந்த ஆமி வாகனமெல்லாம் எங்கள் குழவிக்கு முன்னால் நின்றது. ஒவ்வொருத்தனும் இறங்கினான். ஒவ்வொருத்தனும் ஒரு குழை முறித்தான்.

குழையை எந்தப் பற்றையிலும் முறிக்கலாம். ஆனால் பற்றையெல்லாவற்றையும் அவர்களே வெட்டிவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இலை இருந்தது எங்கள் மூன்று மரத்தில் மட்டும்.

கயிறு கட்டி அதில் குழைகளைத் தொங்கவிட்டார்கள். கயிறு போதாமல் முட்கம்பி கட்டினார்கள். காய்ந்த குழை மலைபோலக் குவிந்தது. தாழ்ந்த கொப்புகள் முடிந்தன. கனரக வாகனத்தின் கூரையில் ஏறி மேல்கொப்புகளை முறித்தார்கள். பிறகு சாமிக்குக் காவலென்று பக்கத்திலேயே மண்மூட்டை அடுக்கி ஒரு சென்றியும் போட்டார்கள். வெள்ளிக்கிழமைப் பக்தர்களென்று எங்களை அவர்களுக்குத் தெரியும். வா ஐயா, கும்பிடு ஐயா என்று விடுவார்கள். நாங்கள் குழவியைக் கும்பிட்டுக்கொண்டு ஓரக்கண்ணால் மடுவைப் பார்ப்போம். ஒவ்வொரு வெள்ளியும் தண்ணீரில் வெயில் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கும். இரண்டு தும்பி ஒன்றாயிற்று. மடுவில் கை வைத்துப் பார்த்தேன். தேநீர் போடலாம்போல இருந்தது. இலை உக்கிய அடி வெளுத்துப் பாசி பிடித்திருந்தது. யோகலிங்கம் வேர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கழற்றிப்போட்ட தோல் ஒன்றுகூட இல்லை. வயல்வெளித் தும்பிகள் வந்து குடியேறத் தொடங்கியிருந்தன.

சொல்லித் தடுக்க வழியில்லை. குழை கட்டாதே என்று எவன் சொல்வது? கேட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் ஆட்டுக்கல்லைக் கும்பிடவைத்த கதை வெளியே வரும். கண்ணிவெடிக்குப் பயந்து நாள்தோறும் நெற்றியைத் தொடுகிறவனிடம் அதைச் சொல்லிவிட்டு உயிரோடு வீட்டுக்கு வர ஏலாது.

கடைசியாகப் போன வெள்ளியன்று மரங்கள் மூன்றும் கைவிரித்த எலும்புகளாக நின்றன. உச்சியில் மட்டும் ஒரு கொப்பில் கொஞ்சம் பச்சை. சென்றியில் நின்ற ஆமிக்காரன் நல்லவன். யோகலிங்கம் வயதானவர் என்று குடிக்கத் தண்ணீர் தந்தான். தெரிந்த தமிழில் கதைத்தான்.

“ஐயா ஒரு நாளும் குழை கட்டினது இல்லை. நான் பார்த்தது. கை எட்டாது, என்ன?”

யோகலிங்கம் பதில் சொல்லுமுன்னே அவன் துவக்கைச் சாத்திவிட்டு மரத்தில் ஏறினான். ஏறும்போது மடுவுக்கு மேலே அந்தத் தும்பி வந்தது. வெயிலுக்குள் வந்து ஒரு முறை போய்த் திரும்பியது. மறுபடி போய்த் திரும்பியது. பிறகு வீதியைக் கடந்து, ஒன்றுமில்லாத அந்தச் சிவந்த வெளிக்கு மேலே பறந்து போயிற்று. மேலே படாரென்று கொப்பு முறிகிற சத்தம் கேட்டது.

ஆமிக்காரன் இறங்கிவந்து குழையை இரண்டு கையாலும் நீட்டினான்.

“ஐயாவுக்கு என்ன வேணும் எண்டு கேளுங்க. இந்த சாமி குடுக்கும்.”

யோகலிங்கம் வாங்கினார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் குழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முட்கம்பியில் இடம் தேடி, மற்றக் குழைகளை விலக்கி, அந்தக் குழையைக் கட்டினார். ஒழுங்காகக் கட்டினார். அவிழாதபடி இரண்டு முடிச்சு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஆமிக்காரனுக்கு நன்றியும் சொன்னார்.

திரும்பி வருகிற வழியில் நான் வாய் ஓயாமல் கதைத்தேன். அல்லைப் பக்கம் ஒரு ஆற்றங்கரை இருக்கிறது, கந்தளாய்க் குளத்துக்குப் பின்னால் கும்மிருட்டுக் காடொன்று இருக்கிறது, அங்கே மரகதத் தும்பி கொசுவைப்போல மொய்க்கிறதாம், பிடித்து மாலை கட்டலாமாம் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பட்டணத்து எல்லைச் சென்றியில் இறங்கி மோட்டார்சைக்கிளை உருட்டும்போதுதான் யோகலிங்கம் வாய் திறந்தார்.

“இரத்தினேஸ்வரியிட்ட நீர் ஒண்டும் சொல்லாதையும். நான் சொல்லுறன்.”

சூட்கேசுக்கென்று அவள் வாங்கி வைத்த பூட்டுத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.