பெருசை எழுப்பியவர்

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் வந்தால்தான் புத்தியே வேலை செய்யும். அன்றைக்கு நன்றாகவே வேலை செய்தது.

ஒரு ஸ்கேன் சென்டரின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். அங்கே யார் கணினிக்குள் நுழையலாம், எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்கிற சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். பழையதைப் பெருசு என்போம். டிஸ்க் தேய்ந்து கிடந்த பெருசுக்கு முறைப்படி ஓய்வு கொடுக்கப் பார்த்தேன், பாதியிலேயே மயங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அதன் பொறுப்புகளைப் புதிய சர்வர் பறித்துக்கொள்ளும்படி செய்தேன். அப்படிப் பறித்தபின் பழையதை மறுபடி உயிர்ப்பிக்கவே கூடாது. உயிர் வந்தால் தான்தான் இன்னும் எஜமான் என்று நினைத்துக்கொண்டு அது பாட்டுக்கு உத்தரவு போடும். டிஸ்க்கையும் கழற்றியிருப்பேன்; பழைய கோப்பு ஏதாவது தேவைப்படலாம், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். அதனால் பிளக்கைப் பிடுங்கி, பொத்தான்மேல் டேப் ஒட்டி, ‘தொடாதே’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

டாக்டர்தான் முதலாளி. அவருடைய மச்சினர் மேனேஜர். பெருசின் காலத்தில் மேனேஜரின் லாகினுக்குத் திறக்காத கதவே கிடையாது. யார் கோப்பையும் திறப்பார், யார் பாஸ்வேர்டையும் மாற்றுவார். விடுப்புக் கேட்டு ஒருத்தி டைப் செய்து முடிக்கும் முன்பே “முடியாது” என்று எதிரே வந்து நிற்பார். புதியதில், டாக்டரின் சம்மதத்தோடு, அவரைச் சாதாரண ஆளாக்கினேன். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

திங்கட்கிழமை எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அந்த வாரமே ஒரு காலை, டோக்கன் அக்காவைக் கணினி உள்ளே விடவில்லை. வரவேற்பில் டோக்கன் கொடுத்து ரிப்போர்ட்டும் எடுத்துத் தருபவர் அவர். அறுவை சிகிச்சைக்குப் போகும் வழியில் ரிப்போர்ட் வாங்க வெறும் வயிற்றோடு வந்திருந்த ஒரு பெரியவரின் ரிப்போர்ட் உள்ளே மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று போனில் சொல்லிவிட்டார்கள். பெரியவரின் மகன் போட்ட சத்தத்தில் கட்டடமே கூடியது.

நான் இன்னொரு கிளையிலிருந்து ஓடி வந்தபோது, டாக்டரின் அறையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

“வயசாயிடுச்சு அத்தான். மாத்துன பாஸ்வேர்டு கூட ஞாபகம் இல்ல. நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. இது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

தான் மறக்கவில்லை என்று மட்டும் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்பினேன். டாக்டரின் நண்பர்களுடைய போன் நம்பர்களையே மனப்பாடமாகச் சொல்கிறவர் அவர். நேராக அவருடைய கணினிக்கு அழைத்துப்போய், திங்கட்கிழமைக்கு முன்பிருந்த பாஸ்வேர்டைப் போடச் சொன்னேன். போட்டார். திறந்துகொண்டது.

அந்தப் பழைய பாஸ்வேர்டை அறிந்தது உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அக்கா. இன்னொருவர் பெருசு; திங்கட்கிழமை எல்லோரும் மாற்றியபோது செத்துக் கிடந்ததால் அதற்குப் பழையது மட்டும்தான் தெரியும். காலையில் விழித்ததும் ஒவ்வொரு கணினியும், நான் யார் சொல்படி நடப்பது என்று வலைக்குள் கேட்கும். முதலில் பதில் சொன்னவர் பேச்சைக் கேட்கும். அக்காவின் கணினிக்குப் பெருசு முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது.

சர்வர் அறையில் டேப் கிழிந்து தரையில் கிடந்தது. பெருசு கரகரவென்று இருமிக்கொண்டிருந்தது. திரையில் மேனேஜரின் லாகின் திறந்தபடியே இருந்தது. பறிபோன அதிகாரத்தை எடுத்துக்கொள்ள, செத்ததை எழுப்பி உட்காரவைத்திருக்கிறார் மனிதர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கேபிளைப் பிடுங்கினேன். டிஸ்க்கைக் கழற்றினேன். சூடு ஆறாத டிஸ்க்கை டாக்டரின் மேசையில் வைத்து, எழுப்பியவர் யார், எந்த லாகின் என்று சொன்னேன். என் குரல் வெளியே வரிசை வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

“ஒரு பழைய ஃபைலைப் பார்க்கத்தான் போட்டேன். இதுக்குப் போய் இவ்வளவு சத்தமா?” என்றார் மேனேஜர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குரல்.

டாக்டர் டிஸ்க்கைப் பார்த்தார். மச்சினரைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, “சரிம்மா, இந்தத் தடவை மன்னிச்சு விட்டுட்டேன். போய் வேலையைப் பாருங்க” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் மன்னிப்பு கேக்கலையே டாக்டர். கேக்க வேண்டியவர் உக்காந்திருக்காரு. எங்கிட்டக்கூட வேண்டாம். வெளியில அந்தப் பெரியவர் இன்னும் சாப்பிடாம இருக்காரு, அவர்கிட்ட போய்க் கேக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் வேலையைப் பாக்குறேன்.”

மேனேஜர் போனை எடுத்து நோண்டினார்.

“எழுந்திருடா” என்றார் டாக்டர்.

மேனேஜர் எழுந்து வெளியே பெரியவரிடம் போகும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.