கை வைக்காத இடம்

பாச்சாங்கில் இருக்கும் காந்தனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போகும்போது மங்களம் லேப்டாப்பைப் பூத்துவாலையில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையை மடியில் அணைத்துக்கொண்டாள். வீடிருக்கும் பாயா ரும்புட்டிலிருந்து கால்மணி நேரப் பயணம். வாடகைக் கார் மேட்டில் ஏறி இறங்கியபோதெல்லாம் அவள் கை பையை இறுக்கியது.

கணவர் திருச்செல்வம் இறந்து ஐந்து மாதமாகிவிட்டது. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்திருந்த நாத்தனார் இந்திராதேவி, அண்ணன் புழங்கிய பொருளையெல்லாம் முன்னின்று அப்புறப்படுத்தினாள். சட்டைகள் அவர் வேலை பார்த்த தோட்டத்துத் தொழிலாளிகளுக்குப் போயின. பாய், தலையணை, சீப்பு, செருப்பு எல்லாம் குப்பைக்கு. "வச்சிருந்தா பாத்துப் பாத்து அழுவீங்க அண்ணி" என்றாள். அவள் சொன்னது முறைதான். மங்களமும் தலையாட்டினாள். மகள் திவ்யதர்ஷினியின் படிப்புக்கு உதவும் என்று லேப்டாப் மட்டும் வீட்டில் தங்கியது.

திங்கட்கிழமை திவ்யா அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறாள். அதற்குள் மங்களத்துக்கு அதிலிருந்து ஒன்று வேண்டியிருந்தது. விசைகளுக்குக் கீழே, கை வைக்கும் இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்.

பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பசைத்தாள் அது. லேப்டாப் வாங்கிய அன்றே மங்களம் தன் கையால் அளந்து வெட்டி ஒட்டியது. அவள் வீட்டில் ரிமோட் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். சோபாவின் உறை பத்து வருடமாகியும் பிரிக்கப்படவில்லை. புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில் அவள் படித்த புத்தகங்களின் முதல் பக்கத்தில் எப்போதும் வேறொரு பிள்ளையின் பெயர் எழுதி அடிக்கப்பட்டிருக்கும். முதல் ஆளாக ஒரு பொருளைத் தொடும் பாக்கியம் கல்யாணத்துக்குப் பிறகுதான் வாய்த்தது. வாய்த்ததை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தாள்.

திருச்செல்வம் தோட்டத்தில் கிராணி. பகல் முழுக்க ஆபீஸ் எழுத்து வேலை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களுக்கு மனு எழுதித் தருவார். அடையாளக் கார்டு, முதியோர் உதவி, பிள்ளைகளின் பள்ளி மாற்றம் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அவர் லேப்டாப்பைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து மங்களத்தின் குரல் வரும். "கைய கழுவினீங்களா? வாச்சிய கழட்டுங்க. வேர்வையோட வைக்காதீங்க, சாயம் போயிரும்."

"உத்தரவு தொரைசாணி" என்பார் அவர். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும்.

நான்கு வருடத்தில் அந்தத் தாளில் இடமும் வலமுமாக இரண்டு மங்கலான திட்டுகள் விழுந்திருந்தன. அவர் இருந்தபோது அதற்காக முணுமுணுத்திருக்கிறாள். இப்போது அந்த வீட்டில் அவர் கை பதிந்த இடம் என்று மிஞ்சியது அவை இரண்டும்தான். தானே உரித்தால் கிழிந்துவிடும் என்ற பயத்தில்தான் கடைக்கு எடுத்து வந்தாள்.

காந்தன் நாற்பதைத் தாண்டியவர். லேப்டாப் கணவருடையது, இனி மகள் காலேஜுக்குக் கொண்டுபோவாள் என்று மங்களம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நல்லா புடிச்சிக்கிச்சுக்கா. சூடு காட்டித்தான் எடுக்கணும்."

"கிழியாம எடுத்துக் குடுங்க தம்பி. எனக்கு அது வேணும்."

"லேப்டாப்பா?"

"தாளு."

அவர் முடி உலர்த்தும் கருவியை எடுத்தார். சூடான காற்று படப்படத் தாளை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார். பேச்சு நிற்காத மனிதர். பக்கத்தில் கிடந்த இன்னொரு லேப்டாப்பை முழங்கையால் காட்டினார்.

"அத பாருங்க. ஒரு வாத்தியாரோடது. கை வைக்கிற எடத்துல சாயமே இல்ல, தகரம் தெரியுது. கை எண்ணெயும் வேர்வையும்தான் அரிக்குது. மோதிரம் பட்ட குழி வேற. வாரத்துக்கு ஒருக்கா ஈரத்துணிய பிழிஞ்சு தொடச்சாலே போதும்லா. இவரு நகப்பூச்சு அழிக்கிற தண்ணிய ஊத்தித் தேச்சிருக்காரு. இருந்த கொஞ்ச சாயமும் போச்சு. வாத்தியாருக்கு யாரு பாடம் எடுக்கிறது?"

மங்களம் சிரிக்க முயன்றாள்.

தாள் முழுதாக வந்துவிட்டது. காந்தன் அதைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"எத்தன வருசம் புழங்கினாரு?"

"நாலு. தெனமும்."

"தெனமுமா? கையே வச்ச மாதிரி இல்லியேக்கா."

"ரெண்டு பக்கமும் திட்டு இருக்கே தம்பி."

"அது அடியில. லேப்டாப் சூட்டுல பசை வெளுத்துப் போயிருக்கு. கை பட்டிருந்தா மேல்பக்கம் தேஞ்சு வழுவழுன்னு ஆயிருக்கும். தடவிப் பாருங்க."

தடவினாள். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே சொரசொரப்பு. ஒட்டிய நாளில் அவள் விரல் அறிந்த அதே சொரசொரப்பு.

"கைய தூக்கி வச்சிக்கிட்டே அடிச்சிருப்பாரு. சில பேரு அப்படித்தான். ஆனா மணிக்கட்டு போயிரும். வலிக்குதுன்னு சொல்லலியா?"

சொல்லியிருந்தார். கடைசி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயது ஏறுகிறது என்று நினைத்து அவள் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்த கையோடு, "இதோட போய் அதத் தொட்டுராதீங்க" என்றும் சொன்னாள். "தொட மாட்டேன்" என்று அவர் சிரித்தார். அவர் தொடவில்லைதான்.

அவள் கடையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு வருடம், ஒவ்வொரு சாயங்காலமும், ஒரு மனிதர் தன் சொந்த வீட்டில் இரண்டு கைகளையும் அந்தரத்தில் வைத்திருந்தார். அது அவள்மீது வைத்த அன்பா? அவள் வாய்க்குப் பயந்தா? எதற்கு வம்பு என்ற அலுப்பா? அவர் இருந்திருந்தால் கேட்கலாம். கேட்டாலும் சிரித்துத்தான் மழுப்பியிருப்பார். தாளின்மேல் அவளுக்கு இருந்த ஆசை போய்விட்டது. போன இடத்தில் வேறெதுவும் வந்து உட்காரவில்லை.

"புதுசா ஒன்னு ஒட்டித் தரட்டா? பாப்பா காலேஜ் கொண்டுபோவுதுன்னீங்களே."

"வேணாம் தம்பி."

"சாயம் போயிரும்க்கா."

"போவட்டும்."

காந்தன் பில் எழுதத் திரும்பியபோது, மங்களம் அந்த வாத்தியாரின் லேப்டாப்பில் தன் இரண்டு மணிக்கட்டுகளையும் வைத்துப் பார்த்தாள். சாயம் போன இடம் குளிர்ச்சியாக இருந்தது. மோதிரக் குழி தோலில் உறுத்தியது. கண்கள் நிறைந்தன. யார் வீட்டு மனிதரோ.

வீட்டுக்கு வந்ததும் திவ்யா லேப்டாப்பை வாங்கி மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

"ம்மா, பிளாஸ்டிக் போடல? அங்கிள் மறந்துட்டாரா?"

"நாந்தான் வேணாம்னு சொன்னேன்."

"நீங்களா? மழைதான் வரப்போவுது." சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் கை கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கல்லூரிப் பதிவுப் பாரத்தைத் திரையில் நிரப்பத் தொடங்கினாள்.

மங்களம் அவள் பின்னால் நின்றாள். திவ்யாவின் மணிக்கட்டுகள், சூடான தோசைக்கல்லுக்கு மேலே நிற்பதைப் போல ஓர் அங்குலம் உயர்ந்து நின்றன. முழங்கைகள் இரண்டும் விரிந்திருந்தன. அவர் உட்கார்ந்த அதே தினுசு. எந்த நாளில், எதைப் பார்த்து இவள் கற்றுக்கொண்டாள்?

"கைய கீழ வச்சிக்கம்மா."

"வேணாம்மா, அழுக்காவும்."

"ஆவட்டும்."

"அப்புறம் திட்டுவீங்கல்ல."

"திட்ட மாட்டேன்."

கேலியாக ஏதோ சொல்லத் திரும்பிய திவ்யா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது கையை மெல்ல இறக்கி வைத்தாள். வலது கை எங்கே இறங்குவது என்று தெரியாததுபோல் அப்படியே நின்றது. பிறகு பாரத்தைப் பார்த்து அப்பா பெயரை அடித்தாள், தொழிலை அடித்தாள், ஒரு கணம் நின்று அதை அழித்து, காலமானவர் என்று அடித்தாள்.

அதற்குள் இடது கையும் தானாக மேலே எழும்பியிருந்தது.