கசினோ பாடம்

சாரங்கபாணியின் மகன் தேஜஸைக் கொன்ற குண்டு, அவன் பிறப்பதற்கு ஐம்பது வருஷம் முன்பே இத்தாலியில் விழுந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து போட்டது. வெடிக்காமல் மண்ணுக்குள் இறங்கி அப்படியே கிடந்திருக்கிறது. கசினோ மலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிற்றூரில் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை. தேஜஸ் அங்கே இன்ஜினியர். பள்ளம் தோண்டிய இயந்திரத்தின் வாளி அதன்மேல் இடித்தது. ஓட்டியவரும், பக்கத்தில் நின்ற தேஜஸும் அந்த இடத்திலேயே போனார்கள்.

செங்கல்பட்டு வீட்டுக்குப் பெட்டி வந்தபோது, திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். சாரங்கபாணியின் மனைவி பெருந்தேவி திறந்தே ஆகவேண்டும் என்றாள். அவளைப் பிடித்துக்கொள்ள மூன்று பேர் வேண்டியிருந்தது. கடைசிவரை திறக்கவில்லை.

பெட்டியோடு தேஜஸின் சக இன்ஜினியர் நாடியாவும் வந்திருந்தாள். அந்தச் சிற்றூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பாஷை புரியாத வீட்டில், வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு வளைய வந்தாள்.

சாரங்கபாணி கல்லூரியில் சரித்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சரித்திரத்தில் அவருக்குப் பிடித்தது போர். போரில் இத்தாலி. அதிலும் கசினோ. அந்த மலையடிவாரத்தில் இந்தியப் படைகள் சண்டை போட்டதில் அவருக்குத் தனிப் பெருமை. தேஜஸ் வேலைக்குப் போன புதிதில், "அப்பா, உங்க மலை" என்று படம் அனுப்பினான். அதைப் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

துக்கம் கேட்க வந்த பழைய மாணவன் ஜெயக்குமார் அந்தப் படத்தின் கீழேதான் உட்கார்ந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் பேச ஆரம்பித்தான்.

"உங்க க்ளாஸு இன்னும் அப்படியே ஞாபகம் கீது சார். கசினோன்னு சொல்லிக்கினே டஸ்டர குண்டு மாரி டேபிள் மேல டமால்னு போடுவீங்க. முன் பெஞ்சு ஃபுல்லா சாக்பீஸ் தூளு. நாங்கல்லாம் சிரிச்சிக்கினு கெடப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டான். சாரங்கபாணி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் செய்ததுதான். பையன்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

அஸ்தி கரைக்க மாமல்லபுரம் போனார்கள். பெண்கள் வரவேண்டாம் என்று யாரோ சொன்னதைப் பெருந்தேவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாடியாவையும் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினாள். திருக்கழுக்குன்றம் தாண்டினார்கள். பிறகு பெருந்தேவி கேட்டாள்.

"ஏன்னா, அது யார் போட்ட குண்டு?"

"இப்போ எதுக்கு அதெல்லாம்?"

"நீங்க சொல்லாட்டா அவளைக் கேளுங்கோ. நான் கேட்டேன்னு கேளுங்கோ."

சாரங்கபாணி ஆங்கிலத்தில் கேட்டார். அமெரிக்க விமானங்கள் என்றாள் நாடியா. தெரிந்தது அவ்வளவுதான் என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். பெருந்தேவிக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும்.

"விமானம் அவாளுது," என்றார் தமிழில். "மலைமேல இருந்த பாதிரிமார் மடத்தைக் குண்டு போட்டு இடிக்கணும்னு கேட்டது நம்ம இந்தியப் படை டிவிஷன். அதை நான் பெருமையாத்தான் பாடம் எடுத்தேன். இது அன்னிக்கு விழுந்ததா, அப்புறம் விழுந்ததான்னு தெரியாது."

"கீழே ஊர்ல ஜனங்க இருந்தாளா?"

எத்தனை விமானம், எத்தனை டன், எந்தப் படை எந்தப் பக்கம் ஏறியது, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஜனங்களைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. நாடியாவைத்தான் கேட்டார்.

அவள் நிதானமாகச் சொன்னாள். அவர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. ஜனங்கள் குகைகளில் ஒளிந்தார்கள். சண்டை ஓய்ந்து இறங்கி வந்தபோது தெரு எது, வீடு எது என்றே தெரியவில்லை. குண்டு விழுந்த பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் நின்று, கொசு பெருகி, மலேரியா வந்தது. பிழைத்து வந்தவர்களில் பல பேரை அது கொண்டுபோயிற்று. அவளுடைய பாட்டனாரின் தங்கை அப்படித்தான் போனாள். அப்புறமும் உழப்போனவர்கள், விளையாடப்போன பிள்ளைகள் என்று கண்ணிவெடியில் கால் வைத்தவர்கள் உண்டு.

பிள்ளைகள் என்ற இடத்தில் சாரங்கபாணி நிறுத்திவிட்டார். பெருந்தேவி காத்திருந்தாள். "சொல்லுங்கோ," என்றாள். அவர் சொன்னார்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "இங்கயே நிப்பாட்டவா சார்? அந்தாண்ட ஃபுல்லா டூரிஸ்ட் வண்டி நின்னுகினு கீது."

சாரங்கபாணி கடலில் இடுப்பளவு இறங்கிக் கலசத்தைக் கவிழ்த்தார். அலை கொஞ்சம் சாம்பலை அவர் வேட்டியிலேயே திருப்பி அப்பியது. கரைக்கு வந்ததும் பெருந்தேவி அவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த ஊர்லதான் வேலை வேணும்னு கேட்டு வாங்கிண்டு போனான்," என்றாள். "உங்களுக்குப் பிடிச்ச ஊராம்."

அவர் ஈரத்தோடு நின்றார்.

நாடியா ஊருக்குத் திரும்பி நாலைந்து மாதம் கழித்து வீடியோவில் கூப்பிட்டாள். போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்களைச் சதுக்கத்தில் ஒரு சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இயந்திரம் ஓட்டியவரின் பெயரையும் தேஜஸ் பெயரையும் அதில் சேர்க்க ஊரார் முடிவு செய்திருக்கிறார்கள். பெற்றவர்கள் சம்மதிக்க வேண்டும்.

சாரங்கபாணி மனைவிக்கு விஷயத்தைச் சொன்னார்.

"போடச் சொல்லுங்கோ," என்றாள் பெருந்தேவி. "ஆனா பேரை மட்டும் போட்டா அந்தக் காலத்துல செத்தவன்னு நெனச்சுப்பா. எந்த வருஷம் போனான்னும் போடணும்."

அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். வருஷத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் செல்போனைக் கீழே இறக்கினார். பெருந்தேவி அவர் கையிலிருந்து செல்போனை வாங்கி, தமிழிலேயே நாடியாவிடம் சொல்ல ஆரம்பித்தாள்.