தம்புராவுக்குள் இருந்த காந்தாரம்

"ஆர்மோனியம் எங்கே?" என்று சதேந்திரா கேட்டபோது, அது என் வீட்டு அடுப்படியில், ட்ரெகேட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால், என் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"துருத்தி கிழிஞ்சு போச்சு அண்ணே. லம்பாசா டவுனுக்குத் தைக்க அனுப்பியிருக்கோம்," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் பதின்மூன்று வருஷம் காத்திருந்தேன்.

எண்பத்தேழில் எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், இந்திய வம்சத்து ஆட்கள் வெளிநாடு போகத் துடித்தார்கள். வான்கூவரில் ஒரு கோயில் எங்கள் ஊர் புலிலேகா பஜனைக் குழுவில் நாலு பேருக்கு விசா கடிதம் தருவதாகச் சொன்னது. குழுவுக்குத் தலைவன் சதேந்திரா. நான் வயலின். ஆளைத் தேர்ந்தெடுக்க, கோயில் கொட்டகையில் மோகனம் வாசித்தோம். பாதியில் அவன் ஆர்மோனியத்தை நிறுத்தினான்.

"கோவிந்தம்மா, உன் காந்தாரம் கீழே நிக்குது. காது கெட்டுப் போச்சா?"

"உங்க கட்டைதான் அண்ணே மேலே நிக்குது. தம்புராவைக் கேளுங்க."

"கேட்டீங்களாய்யா! ஆர்மோனியம் பொய் சொல்லுதாம், இவ விரல் நிஜம் சொல்லுதாம்!"

நங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் சிரித்தார்கள். கமிட்டித் தலைவர் பொன்சாமி மாமாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் இடத்தில் சதேந்திராவின் மச்சான் யோகேந்திரா போனான். அவனுக்கு வில் பிடிக்கவே தெரியாது.

வான்கூவரை நான் மறந்துவிட்டேன். ஆனால் 'காது கெட்டவள்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில்கூட என்னை வாசிக்கக் கூப்பிடவில்லை.

விஷயம் இவ்வளவுதான். எந்தச் சுதிக்கும் தோதாக இருக்கட்டும் என்று ஆர்மோனியத்தில் ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அதில் காந்தாரம் மயிரிழை ஏறி நிற்கும். தம்புராவிலோ, ஷட்ஜத்தை மீட்டினாலே காந்தாரம் உள்ளிருந்து தானாகக் கிளம்பும். என் விரல் அங்கேதான் போய் உட்காரும்.

இரண்டாயிரத்தில், மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்து, தலைநகர் சுவாவில் பார்லிமெண்டுக்குள் மந்திரிகளைப் பிணைக்கைதிகளாக அடைத்து வைத்திருந்த சமயம், விசா கடிதத்துக்கு இன்னும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வான்கூவரிலிருந்து சதேந்திரா வந்தான். கொட்டகை கொள்ளாத கூட்டம்.

"ஆர்மோனியம் இல்லாட்டி என்ன அண்ணே? நீங்க மோகனம் பாடுங்க, நான் வாசிக்கிறேன்."

என் தங்கை ப்ரேமிலா தம்புரா மீட்டினாள். ஆர்மோனியத்தோடேயே பாடிப் பழகிய தொண்டை அவனுக்கு. காந்தாரத்தில் ஏறி நின்றான். நான் என் காந்தாரத்தை நீளமாக இழுத்தேன். இரண்டுக்கும் நடுவே ஒலி தகரம் மாதிரி அதிர்ந்தது.

"சுதி சரியில்லை!" என்று கத்தினான்.

"அப்படியா? தம்புரா மட்டும் பேசட்டும்."

கொட்டகையே காது கொடுத்தது. நான் மெல்ல வில் போட்டேன். ரெண்டும் ஒன்றாகக் கரைந்தது.

"இப்ப நீங்க."

பாடினான். மறுபடியும் தகரம்.

"அரே சதேந்திரா," என்றார் பொன்சாமி மாமா, "உன்னுதுதான்யா மேலே நிக்குது!"

"காது கெட்டுப் போச்சா அண்ணே?" என்றேன்.

இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம்.

அவன் அருகில் வந்து குனிந்தான். "பழசை விடு, தங்கச்சி. உனக்கு ஒரு கடிதம் தர்றேன்."

"எனக்கு வேண்டாம். ப்ரேமிலாவுக்கு ஒண்ணு குடுங்க. எனக்கு வேற காகிதம் வேணும். அன்னிக்குத் தப்பு ஆர்மோனியத்தோடது, கோவிந்தம்மா காது சுத்தம்னு எழுதி, கீழே பேரைப் போடுங்க."

ப்ரேமிலாவின் விரல் தம்புராவிலேயே நின்றுவிட்டது. அவன் சுற்றிலும் பார்த்தான். எழுதினான்.

"படிங்க."

முணுமுணுத்தான்.

"கேக்கலை அண்ணே," என்றேன். "எனக்குத்தான் காது கெட்டுப் போச்சே. இன்னும் சத்தமா."